மொட்டை மாடி ரூம்ல ஒரு ஏ320 காக்பிட்: நாலு வருசம் ஓட்டின அனுபவம்

கிருஷ்ணகிரில மோட்டார் காயில் கட்டுற கடை வெச்சிருக்கேன். பகல்ல போர்வெல் மோட்டார், ராத்திரி ஒன்பதரைக்கு மேல மாடி ரூம்ல ஏர்பஸ் ஏ320, அதாவது கம்ப்யூட்டர் சிமுலேட்டர்ல ஓட்டுறதுக்கு நானே கட்டின பயணிகள் விமான காக்பிட் (பைலட் உக்காருற அறை). கட்ட ஆரம்பிச்சு நாலு வருசம் ஆச்சு, நோட்டுல எழுதி வெச்ச கணக்குப்படி 900 மணி நேரத்துக்கு மேல ஓட்டியிருக்கேன். வாங்கின புதுசுல எல்லாமே நல்லாத்தான் இருக்கும், அதனால அப்ப எழுதாம இத்தனை நாள் பொறுத்து எது நின்னுச்சு எது போச்சுன்னு பாத்துட்டு இப்ப எழுதுறேன்.

நெறைய பேர் கேக்குற முதல் கேள்வி, ஏன் போயிங் 737 கட்டலன்னு. 737ல ரெண்டு யோக்கும் (ஸ்டியரிங் மாதிரி பிடி) ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கும், ஆட்டோத்ராட்டில் (இன்ஜின் சக்திய தானா கூட்டிக் குறைக்குறது) போட்டா த்ராட்டில் லீவர் தானா முன்னாடி பின்னாடி நகரும், ட்ரிம் வீல் (மூக்கு மேல கீழ சாயுறத சரி பண்ற சக்கரம்) கடகடன்னு சுத்தும், அதெல்லாம் நிஜமா வரணும்னா மோட்டார், பெல்ட், டிரைவர் போர்டுன்னு வேலை இழுத்துக்கிட்டே போகும். ஏ320ல அதே வேலைய செய்யுற ஆட்டோத்ரஸ்ட் ஓடினாலும் லீவர் வெச்ச எடத்துலயே நிக்கும். ஸ்டிக்கும் அப்படித்தான், நிஜ விமானத்துலயே ஸ்பிரிங் சுமை தான், றெக்கையில காத்து அடிக்குறது கைக்கு திரும்பி வராது. 1987ல முதல்ல பறந்தப்பவே பயணிகள் விமானத்துல டிஜிட்டல் ஃப்ளை பை வயர் (பைலட் கை அசைக்குறத கம்ப்யூட்டர் ஒயர் வழியா றெக்கைக்கு சொல்றது) கொண்டு வந்த விமானம் அது. அப்ப வீட்ல நாம செய்றதும் நிஜமும் கைக்கு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்ல, காசு கம்மியா இருக்குறவங்களுக்கு இதான் சரியான விமானம்னு இப்பவும் சொல்வேன்.

சாஃப்ட்வேர் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, அதுல ஓடுற விமானம், ஃப்ளை பை வயர்ங்கற பேர்ல இருக்குற ஒரு குழு இலவசமா குடுக்குற ஏ32என்எக்ஸ். சுவிட்ச், லைட்டெல்லாம் கம்ப்யூட்டரோட பேச மொபிஃப்ளைட், அதுவும் இலவசம். சுவிட்ச் ஒயர் எல்லாம் வந்து சேர்ற கார்டு ஆர்டினோ மெகா 2560 மூணு, ஒவ்வொண்ணுலயும் 54 டிஜிட்டல் பின், 16 அனலாக் பின் இருக்கு. ப்ரோக்ராம் எழுதத் தெரியாதேன்னு பயந்துட்டு இருந்தேன், ஒரு வரி கூட எழுத வேண்டியது வரல, எந்த பின் எந்த சுவிட்ச்சுன்னு மொபிஃப்ளைட்ல சொல்லிட்டா போதும்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வரேன். முதல் வருசம் நான் காச கண்ணுக்கு செலவு பண்ணேன். 55 இன்ச் டிவி, பெரிய கிராஃபிக்ஸ் கார்டு, கூட ரெண்டு மானிட்டர். த்ராட்டில மட்டும் பழைய ரேடியோவுல வர்ற மாதிரி 40 ரூபா வால்யூம் கண்ட்ரோல வெச்சு, ப்ளைவுட்ல நானே செஞ்சேன். எட்டு மாசம் ஓடுச்சு. ஒரு நாள் சென்னைல இருந்து பெங்களூரு வந்துட்டு இருக்கேன், ஏறி முடிச்சு ரெண்டு லீவரும் சிஎல் பள்ளத்துல (ஏறும்போதும் அப்புறமும் லீவர் நிக்குற எடம்) கெடக்கு, முன்னாடி திரையில ஆரஞ்சு கலர்ல எல்விஆர் அசிம்னு மின்னுது. ஒரு லீவர் பள்ளத்துல இருக்கு, இன்னொண்ணு இல்லன்னு விமானம் நெனைக்குது. கையால தள்ளிப் பாத்தா ரெண்டும் அங்கதான் இருக்கு. மெசேஜ் போகுது, வருது, போகுது. கீழ கழட்டி மல்டிமீட்டர் வெச்சா லீவர தொடாமலே ஓம்ஸ் குதிக்குது. உள்ள இருக்குற கார்பன் தடம் தேஞ்சு போச்சு, அதுவும் எப்பவும் லீவர் நிக்குற அந்த சிஎல் எடத்துல மட்டும். 12 வருசமா மோட்டார் கார்பன் பிரஷ் மாத்திட்டு இருக்கேன், உரசுற பொருள் தேயும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, ஆனா த்ராட்டில் கட்டும்போது அது மனசுல வரல.

அப்புறம் ஹால் சென்சாருக்கு மாத்தினேன். சின்ன காந்தம் சுத்தும், சென்சார் தொடாம படிக்கும், தேய எதுவுமே இல்ல. கூடவே பள்ளங்களையும் ஒழுங்கா செய்யணும்னு முடிவு பண்ணி ஓசூர்ல ஷீட் மெட்டல் கம்பெனில வேலை செய்யுற என் மச்சான் கிட்ட 4 எம்எம் எம்எஸ் ஷீட்ல அரைவட்ட பிளேட் ரெண்டு வெட்டித் தரச் சொன்னேன். அதுல ஐடில் (இன்ஜின் சும்மா ஓடுறது), சிஎல், எஃப்எல்எக்ஸ் (குறைச்ச சக்தில டேக் ஆஃப்), டோகா (முழு சக்தி) நாலு எடத்துலயும் பள்ளம், லீவர்ல ஸ்பிரிங் வெச்ச பேரிங் ஒண்ணு அந்த விளிம்புல உருண்டு போய் பள்ளத்துல விழும். முதல் பிளேட்ல பள்ளம் ஆழமா போயிருச்சு, லீவர வெளிய எடுக்க தோள்பட்டையில இருந்து இழுக்க வேண்டி வந்துச்சு. மச்சான் சொன்னாப்ல, "மாமா பள்ளத்த குறைக்காத, ஸ்பிரிங்க மாத்து"ன்னு. ஸ்கூட்டர் கார்புரேட்டர்ல வர்ற மெல்லிசு ஸ்பிரிங் போட்டேன், அவ்ளோதான், "டக்"னு உக்காருது, ரெண்டு விரல்ல வெளிய வருது. மூணு வருசம் ஆச்சு, இன்னிக்கும் அதே டக். டேக் ஆஃப்ல லீவர எஃப்எல்எக்ஸ் வரைக்கும் தள்ளும்போது நான் குனிஞ்சு பாக்குறதே இல்ல, கை எண்ணிக்கிட்டு போகுது.

அந்த ரெண்டு மானிட்டரையும் ரெண்டாவது வருசமே வித்துட்டேன். நம்ம மாதிரி ராத்திரில ஓட்டுறவங்களுக்கு வெளிய தெரியுறது ரன்வே லைட்டு மட்டும் தான், அதுக்கு ஒரு டிவி போதும். காசு கை போற எடத்துல போடுங்க, கண் போற எடத்துல அப்புறம் போட்டுக்கலாம்.

எஃப்சியூ, அதாவது ஆட்டோபைலட்டுக்கு கட்டளை குடுக்குற பேனல் பத்தி கொஞ்சம் சொல்லணும். வேகம், திசை, உயரம் வைக்குற அந்த நாப்-ஐ திருப்பினா மட்டும் பத்தாது, உள்ள தள்ளினா கம்ப்யூட்டர் பாத்துக்கும், வெளிய இழுத்தா நாம சொன்ன நம்பர் பிடிக்கும். அந்த தள்ளு இழுப்பு இல்லாம மவுஸ்ல கிளிக் பண்ணா ஏர்பஸ் ஓட்டுற மாதிரியே இருக்காது. திருப்புறது, தள்ளி இழுக்குறது ரெண்டும் ஒண்ணா இருக்குற என்கோடர் (எவ்ளோ திரும்புச்சுன்னு சொல்ற நாப்) வெளிநாட்டுல கெடைக்குது, நாலு வாங்கினா எனக்கு ஒரு மாச கடை வாடகை. அதனால சாதா என்கோடர முன்னாடி பின்னாடி நகர்ற மாதிரி ஒரு சின்ன கம்பித் தடத்துல உக்கார வெச்சு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு மைக்ரோ சுவிட்ச் வெச்சேன், நடுவுல நிறுத்த ரெண்டு பக்கமும் பால்பேனா ஸ்பிரிங். நாலு வருசத்துல ஒரு மைக்ரோ சுவிட்ச் தான் போயிருக்கு.

எழுத்து பேனல் எல்லாம் ரவுண்டானா பக்கத்துல நேம் போர்டு கடை அண்ணன் பண்ணித் தந்தாரு. வெள்ளை அக்ரிலிக்ல சாம்பல் கலர் பெயிண்ட் அடிச்சு, காஞ்சதும் லேசர்ல எழுத்து இருக்குற எடத்துல பெயிண்ட மட்டும் சுரண்டி எடுத்தா, பின்னாடி எல்ஈடி போட்டதும் எழுத்து மட்டும் ஒளிரும். "தம்பி, எழுத்து இவ்ளோ பொடிசா இருக்கே, யார் படிக்கப் போறா"ன்னு கேட்டாரு, அப்புறம் ஒரு நாள் மாடிக்கு வந்து லைட்ட அணைச்சுட்டு ஓவர்ஹெட்ட (தலைக்கு மேல இருக்குற சுவிட்ச் பேனல்) போட்டுக் காட்டினப்ப ரொம்ப நேரம் பேசாம பாத்துட்டு இருந்தாரு. அடுத்த பேனலுக்கு பெயிண்ட் காசு வாங்கல.

அந்த ஓவர்ஹெட்தான் எனக்கு அதிக தொந்தரவு குடுத்தது. முதல்ல கீழ இருந்தே 5 வோல்ட் மெல்லிசு ஒயர்ல மேல கொண்டு போனேன். சப்ளை கிட்ட 5.1 காட்டுது, கடைசி பேனல்ல 4.3. லைட்டு மங்குது, கார்டு திடீர்னு கட் ஆகுது. அப்புறம் 12 வோல்ட்ட தடிச்ச ஒயர்ல மேல கொண்டு போய் அங்கயே பக் கன்வெர்ட்டர் போட்டு 5 ஆக்கினேன், பிரச்சனை தீந்துச்சு. ஏப்ரல் மேல மாடி ரூம் ஷீட்டு கூரைக்கு அடியில எப்படி கொதிக்கும்னு இந்தப் பக்கம் இருக்குறவங்களுக்கு தெரியும், மூடின பெட்டிக்குள்ள எல்ஈடி ஸ்டிரிப் சூடும் சேந்து, பிஎல்ஏ பிளாஸ்டிக்ல 3டி பிரிண்ட் பண்ண பிராக்கெட் எல்லாம் வளைஞ்சு போச்சு. பிஎல்ஏ 60 டிகிரி கிட்டயே இளகும். எல்லாத்தையும் அத விட சூடு தாங்குற பெட்ஜி பிளாஸ்டிக்ல திரும்ப பிரிண்ட் பண்ணி, மேல ஒரு சின்ன ஃபேனும் போட்டேன். அந்த ஃபேன் ஓட்டை வழியா பல்லி உள்ள போய் சப்ளை போர்டுல ஒட்டிக்கிட்டு ஷார்ட் ஆனது தனிக் கதை. அதுக்கப்புறம் ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனியா 2 ஆம்ப் ஃபியூஸ், ஓட்டைக்கு கொசு வலை. இத முதல் நாளே செய்யுங்க.

எம்சிடியூ (போற வழி, விவரமெல்லாம் தட்டி வைக்குற பெட்டி) கீபோர்டு செஞ்சப்ப டையோடு (கரண்ட்ட ஒரே பக்கம் மட்டும் விடுறது) போடாம விட்டேன், மூணு பட்டன் சேந்து அமுங்கினா அமுக்காத நாலாவது எழுத்தும் விழும். பட்டனுக்கு ஒண்ணுன்னு ஒன் என் 4148 டையோடு வெச்சதும் சரியாச்சு. கீபோர்டு செய்ய நேரம் இல்லாதவங்க பழைய டேப்லெட்ல பிரவுசர்ல எம்சிடியூவ திறந்து வெச்சாலே ரெண்டு வருசம் ஓட்டலாம், நானும் அப்படித்தான் ஓட்டினேன்.

ஸ்டிக் மட்டும் கடைல வாங்கினது, த்ரஸ்ட்மாஸ்டர் டிசிஏ, இடது கைக்கும் மாத்திக்கலாம். கேப்டன் சீட்டுல இடது கைல தான் ஓட்டணும், வலது கை த்ரஸ்ட்ல. முதல் ஒரு மாசம் விமானம் ஆடிக்கிட்டே இறங்கும், இப்ப வலது கைல குடுத்தா ஓட்ட வராது. சீட்டு ஓசூர் பழைய பார்ட்ஸ் கடைல 3,500க்கு எடுத்த கார் முன் சீட்டு. அதுக்கு கீழ ஒரு பாஸ் ஷேக்கர் (சத்தத்த அதிர்வா மாத்துறது) போல்ட் போட்டிருக்கேன், ரன்வேல நடு லைட்டு மேல சக்கரம் ஏறி ஏறி இறங்குறது முதுகுல தெரியும். போட்ட காசுக்கு இவ்ளோ திருப்தி வேற எதுலயும் இல்ல.

ஒரு சின்ன விசயம், ஆனா லேண்டிங்கயே மாத்தினது. நிஜ ஏ320ல நடு ஜன்னல் கம்பத்துல ரெண்டு வெள்ளை குண்டு, ஒரு சிவப்பு குண்டு இருக்கும், வெள்ளை சிவப்ப மறைக்குற அளவுக்கு சீட்ட ஏத்தி இறக்கிக்கணும், அப்பதான் கண் சரியான உயரத்துல இருக்குன்னு அர்த்தம். நான் பாசிமணி மூணு வாங்கி பெயிண்ட் அடிச்சு மாட்டினேன், சிமுலேட்டர் கேமராவையும் அந்த உயரத்துக்கே வெச்சேன். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு உயரத்துல உக்காந்து, ஒரு நாள் சீக்கிரமா மூக்க தூக்குவேன், ஒரு நாள் தாமதமா தூக்கி இடிப்பேன். இப்ப 20 அடில "ரிடார்ட்"னு (லீவர பின்னாடி இழுன்னு) குரல் வரும்போது ரன்வே எங்க இருக்கணுமோ அங்க இருக்கு.

நாலு வருசத்துல மொத்தம் 3 லட்சத்து 40 ஆயிரம் ஆச்சு, அதுல கம்ப்யூட்டர் மட்டும் 1 லட்சத்து 35. தப்பா செஞ்சு திரும்ப செஞ்சது 40 ஆயிரம் இருக்கும். இந்த மணி நேரத்தையெல்லாம் பைலட் லைசென்ஸ் கணக்குல சேக்க முடியாது, அத நெனச்சு யாரும் இறங்காதீங்க. வாட்சிம்ல (சிமுலேட்டர் ஓட்டுறவங்க ஆன்லைன்ல ஒண்ணா பறக்குற நெட்வொர்க்) சேந்தீங்கன்னா உண்மையான ஆளுங்க தன்னார்வமா ஏடிசியா (விமானப் போக்குவரத்த வழி நடத்துறவங்க) உக்காந்து பேசுவாங்க, அங்க முதல் தடவை "பெங்களூரு டவர்"னு கூப்பிடும்போது எனக்கு தொண்டை வறண்டு போச்சு.

எல்லாத்தையும் விட உதவினது ஒரு நூறு பக்க நோட்டு. எந்த ஒயர் என்ன கலர், எந்த கார்டு, எந்த பின், என்னிக்கு மாத்தினதுன்னு அதுல இருக்கு. கடைல காயில் சுத்து எண்ணிக்கை எழுதுற பழக்கம் இங்கயும் வந்துச்சு. ராத்திரி 11 மணிக்கு ஒரு லைட்டு எரியலன்னா நோட்ட திறந்தா அஞ்சு நிமிசம், இல்லன்னா மூணு நாள்.

போன மாசம் அப்பாவ வலது பக்கம் ஸ்டூல் போட்டு உக்கார வெச்சு கிருஷ்ணகிரி மேல தாழ்வா ஒரு சுத்து போனேன். கேஆர்பி டேம் தண்ணி தெரிஞ்சுது, சையத் பாஷா மலை தெரிஞ்சுது. "நம்ம கடை எங்கடா"ன்னு கேட்டாரு, டோல்கேட்ல இருந்து ரோட்ட பிடிச்சு வந்து காட்டினேன். இறங்கும்போது கியர் லீவர அவரையே இறக்கச் சொன்னேன், மூணு பச்சை லைட்டு வர்ற வரைக்கும் லீவர்ல இருந்து கைய எடுக்கல.

அதனால இப்ப வலது பக்க சீட்டு வேலை ஓடுது. சீட்டு நகர்ற தடத்துக்கு வெல்டிங் முடிஞ்சுது, ரெண்டாவது ஸ்டிக்குக்கு ஹால் சென்சார் வந்து கெடக்கு, ஃபயர் பேனலுக்கு மணி மட்டும் பாக்கி.