கைமாறி வந்த .32 ரிவால்வர்

கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் வாங்கியது, ஆறு குண்டு பிடிக்கும், பழசுதான். குண்டு போடும் உருளையான சிலிண்டரைக் காலியாகத் திறந்து ஒவ்வொரு அறையாக வெளிச்சத்தில் பார்த்தேன், துரு இல்லை, ஆனால் சிலிண்டரை மூடிவிட்டு அசைத்தால் லேசாக ஆடுகிறது, அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன். டிரிகரை இழுக்கக் கொஞ்சம் கனம்.

இரண்டு பேருக்கும் லைசென்ஸ் இருந்தாலும் உடனே கைக்கு வராது. விற்பவர், வாங்குபவரின் பெயர் முகவரியோடு கலெக்டருக்கோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழிய வேண்டும், 1959 ஆயுதச் சட்டம் அப்படி. பெரியவர் அதுவரை முன்பணம்கூட வாங்கவில்லை, நல்ல மனுஷர்.

அப்புறம், துப்பாக்கியில் பொறித்த எண்ணை விற்பவர் லைசென்ஸோடு ஒத்துப் பாருங்கள், ஒரு இலக்கம் மாறினாலும் வேண்டாம். கூட வந்த தோல் உறைதான் வீண், தையல் விட்டுப்போச்சு.