முதல் கத்தரிக்கோல்: பிளாஸ்டிக்கா, ஸ்டீலா?

மூன்று வயதுப் பிள்ளைக்குக் கத்தரிக்கோல் வேண்டும் என்று காரைக்குடிக் கடையில் கேட்டேன். முழுக்கப் பிளாஸ்டிக்கில் செய்ததை எடுத்து நீட்டினார்கள். விரலை வெட்டாது, அதனால் நானும் நிம்மதியாக வாங்கி வந்தேன். மகள் கலர் பேப்பரை அதில் வைத்து அழுத்தினாள். இரண்டு அலகும் விலகிக்கொடுக்க, பேப்பர் நடுவில் மடிந்து மாட்டிக்கொண்டது. கையைத் திருகி, இழுத்து, கிழித்து, கடைசியில் தூக்கிப் போட்டுவிட்டாள். "இவளுக்கு இன்னும் கை வரலை" என்றார் அப்பத்தா. பிள்ளை கையில் ஒரு குறையும் இல்லை.

அடுத்து வாங்கியது முனை மழுங்கிய, ஐந்து அங்குல ஸ்டீல் கத்தரி. முதல் வெட்டிலேயே 'நறுக்'. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை: ஸ்டீல்தான். ஆனால் பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். நான் அடுப்படிக்குப் போய் வருவதற்குள் அவள் தன் முன்முடியை வெட்டிக்கொண்டாள். பிளாஸ்டிக்கையும் வீணாக்க வேண்டாம். சப்பாத்தி மாவை நீளமாக உருட்டிக் கொடுத்தால் அது நன்றாக வெட்டும். கத்தரியைத் திறந்து மூடப் பழகுவதற்கு அது போதும். இடக்கைப் பிள்ளைக்கு மட்டும் இடக்கைக் கத்தரியையே தேடி வாங்குங்கள். அதில் அலகுகள் மாறி அமைந்திருக்கும்.

சரி, எந்தப் பேப்பர்? கலர் பேப்பர் பளபளப்பாக ஆசை காட்டும், ஆனால் மெல்லியது, துவளும். பழக ஆரம்பிக்கும் கைக்கு விறைப்பான தாள்தான் சுலபம். செட்டிநாட்டு வீட்டில் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமா? பழைய பத்திரிகையை ஒரு விரல் அகலப் பட்டைகளாக நீங்களே நறுக்கிக் கொடுங்கள். ஒரே அழுத்தில் ஒரு துண்டு விழும். விழுந்ததையெல்லாம் அட்டையில் ஒட்டினால் கோலம். கட்டைவிரல் நகத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு வையுங்கள். வெட்டும்போது பொட்டு மேலே தெரிந்தால் பிடி சரி, மறைந்தால் கை திரும்பிவிட்டது என்று பிள்ளையே கண்டுகொள்ளும்.

நான்கைந்து வயதானதும் கோடு போட்ட வொர்க்‌ஷீட்டா, மடித்து வெட்டுவதா என்ற கேள்வி வரும். வளைவு பழக வொர்க்‌ஷீட் உதவும்தான். வட்டம் வெட்டும்போது கத்தரியைத் திருப்பாமல் மற்றக் கையால் தாளைத் திருப்பச் சொல்லுங்கள். எனக்குப் பிடித்தது மடித்து வெட்டுவதுதான். சதுரக் கலர் பேப்பரை இரண்டாக, பிறகு நான்காக மடித்தால் அந்த மெல்லிய தாளுக்கும் விறைப்பு வந்துவிடும். ஓரங்களில் இரண்டு முக்கோணம், முனையில் ஒரு வளைவு. விரித்தால் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூப்போல நான்கு பக்கமும் ஒத்திருக்கும். இப்போது மகளுக்கு ஐந்து வயது. வெட்டியதையெல்லாம் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்துத் தரையில், கல்லுக்கு ஒன்றாகப் பரப்பி வைத்திருக்கிறாள். மூன்று வரிசை ஆகிவிட்டது, இன்னும் பேப்பர் கேட்கிறாள்.