கீரைக்கு ஜிங்க்: மண்ணில் போடுவதா, இலையில் அடிப்பதா?

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் தண்டுக்கீரையும் கங்குங்கும் (வள்ளைக்கீரை) போடுகிறோம். கீரையில் துத்தநாகச் சத்து (ஜிங்க்) கூடுதலாக இருக்க, ஜிங்க் சல்பேட்டை மண்ணில் கலக்கலாம். தண்ணீரில் கரைத்து இலையிலும் அடிக்கலாம். நான் இலையில்தான் அடிக்கிறேன்.

மண்ணில் போட்டால் வேலை மிச்சம். ஆனால் எங்களுடையது கம்புட் நிலம், அதாவது செடி கொடி மக்கிச் சேர்ந்த மண்; கடும் புளிப்பு. சுண்ணாம்பு போடாமல் கீரை வராது, போட்டுப் புளிப்பு குறைந்து பி.எச். ஏற ஏற ஜிங்க் கரைவது மளமளவென்று குறையும். போதாததற்கு, கம்புட்டில் மக்கிக் கிடக்கும் பொருளும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட நிலத்தில் செம்பனைக்கே செம்பும் ஜிங்கும் தனியாகக் கொடுக்கிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் அறுக்கிற கீரை எதற்குக் காத்திருக்கும்?

நெல்லில் அடித்தால் ஜிங்க் இலையிலிருந்து மணிக்குப் போய்ச் சேர வேண்டும். செடிக்குள் அது அவ்வளவு சுலபமாக நகராது. கீரையில் அந்தப் பயணமே இல்லை, அடித்த இலையைத்தான் சாப்பிடுகிறோம்.

இதில் தொல்லை பராமரிப்புதான். இங்கே மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வரும். அதனால் விடியற்காலையில் அடித்துவிட வேண்டும். நெல்லுக்குச் சொல்லும் லிட்டருக்கு 5 கிராம் இளங்கீரையைக் கருக்கிவிடலாம்; நான் 1 கிராமுக்கு மேல் போவதில்லை. கரைசல் இலையில் ஒட்ட ஒரு சொட்டு சோப்பு. அடித்த பிறகு ஒரு வாரமாவது விட்டுத்தான் அறுப்பேன். மறுநாளே அறுத்தால் இலை மேல் இருக்கும் ஜிங்க் குழாயடியில் கழுவிப் போய்விடும். கழுவாத இலையைச் சோதனைக்கு அனுப்பினால் கணக்கு என்னவோ அழகாகத்தான் வரும்! கங்குங்கை ஒட்ட அறுத்தால் புதுத் தளிருக்கு மறுபடி அடிக்க வேண்டும். முக்கியமாக, களைக்கொல்லி அடித்த பம்பு கூடவே கூடாது. தோட்டத்தில் எல்லா வீட்டிலும் அந்த ஒரே பம்புதான் கிடக்கும்; கீரைக்கென்று தனியாக வாங்குங்கள்.

சல்பேட்டுக்குப் பதில் ஈடிடிஏ என்ற பொருளோடு பிணைத்த ஜிங்க் இலையை அவ்வளவாகக் கருக்காது என்பார்கள். விலை கூட, கிராமுக்கு ஜிங்க்கும் குறைவு. நான் கொஞ்சம்தான் அடித்துப் பார்த்திருக்கிறேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரும்புச் சத்துக்கு இதேபோல் அடிக்கலாமென்றால், இரும்பு சல்பேட் கரைத்த சற்று நேரத்தில் பழுப்பேறி இலையில் கறை விடும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அந்தக் கட்டை யாரும் தொட மாட்டார்கள். செலினியம் என்ற இன்னொரு சத்தின் பக்கம் நான் போகவில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் போதும், 400-ஐத் தாண்டினால் கெடுதல். வீட்டுத் தராசை நம்பி அதை அளக்க எனக்குத் துணிச்சல் இல்லை.