பிறவிக்குணமா வளர்ப்பா: கல்வி வரலாறு ஆன்லைன் கோர்ஸ், என் ரிவ்யூ

பிள்ளைக்கு வர்றது பிறவியிலயா வளர்ப்புலயாங்கற ஒரே கேள்விய வச்சு கல்வித் தத்துவத்தோட வரலாறு முழுக்க சொல்ற ரெக்கார்டட் கோர்ஸ் இது, போன வாரம்தான் முடிச்சேன். நான் சின்ன பசங்களுக்கு பாடம் எடுக்கறவ. "விளையும் பயிர் முளையிலே"ன்னும் "சித்திரமும் கைப்பழக்கம்"னும் ஒரே பிள்ளைய பத்தி ஒரே நாள்ல ஸ்டாஃப் ரூம்ல கேட்டிருக்கேன், அதனாலதான் சேந்தேன்.

பிரெஞ்சு தத்துவவாதி ரூசோ பத்தின லெக்சர் அருமை. 1762ல வந்த எமில் புத்தகம்னாலே குழந்தைய இயற்கை கிட்ட விட்டுடுன்னு சொன்னதா மட்டும்தான் டீச்சர் ட்ரெய்னிங்ல படிச்சிருந்தேன். இங்க அதுல வர்ற அவரைச்செடி கதைய நிதானமா சொல்றாங்க. எமில்ங்கற பையன் அவரை விதை போட்டு தண்ணி ஊத்தி ஆசையா வளக்கறான், ஒரு நாள் போய் பாத்தா எல்லாம் பிடுங்கி கெடக்கு, அழறான், தோட்டக்காரர் வந்து நான் முலாம்பழம் போட்ட எடத்த கெடுத்ததே நீங்கதான்னு திருப்பி கோவப்படறார். அடுத்தவன் உழைப்புன்னா என்னன்னு பையனுக்கு அங்க புரியுது. ஆனா அதுக்கெல்லாம் பின்னாடி நின்னு நடத்தறது எமிலோட வாத்தியார்தானே, இயற்கைன்னு ரூசோ சொல்றதுக்குள்ள எவ்ளோ ஏற்பாடு இருக்கு!

அதவிட என்ன உலுக்குனது விக்டர் கதை. 1800ல பிரான்ஸ்ல காட்டுலேர்ந்து வந்த பையன், பன்னெண்டு வயசு இருக்கும், பேச்சு கிடையாது. பெரிய டாக்டர் பினேல் இவன் தேறமாட்டான்னுட்டார், இடார்ங்கற இளம் டாக்டர் மட்டும் மனுஷங்களோட பழகாததாலதான் இப்படின்னு சொல்லி வருஷக்கணக்கா கூடவே நின்னார். பால் வேணும்னா 'லே'ன்னு (பாலுக்கு பிரெஞ்சு வார்த்தை) கேக்க வைக்கப் பாக்கறார், அவன் கேக்கல, பால் கைக்கு வந்தப்புறம் சந்தோஷத்துலதான் அந்த சத்தம் வருது. அப்புறம் ஒரு நாள் வேற வீட்டுக்கு போனப்ப, யாரும் சொல்லாமயே கூட கொண்டு வந்திருந்த நாலு எழுத்துத் துண்ட மேஜைல வரிசையா வைக்கறான், படிச்சா பால். அந்த எடத்துல வீடியோவ நிறுத்திட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். சரளமான பேச்சு அவனுக்கு கடைசி வரைக்கும் வரல, அதையும் மறைக்காம சொல்றாங்க.

குறைன்னா, இடார் வழி அவரோட மாணவர் செகுவின், செகுவின் வழி மாண்டிசோரி 1907ல தொடங்குன பள்ளி வரைக்கும் வந்த தொடர்ச்சிக்கு தனி லெக்சரே குடுத்திருக்கணும், அஞ்சு நிமிஷத்துல ஓட்டிட்டாங்க. ரஷ்ய உளவியலாளர் விகாட்ஸ்கிக்கும் அதே கதிதான்.

க்விஸ் மட்டும் ரொம்ப மோசம். பொருத்துக: ரூசோ இயற்கை, லாக் (இங்கிலாந்து தத்துவவாதி) வளர்ப்பு. குழந்தை மனசு வெள்ளைத் தாள் மாதிரின்னு 1693ல எழுதுன அதே லாக், அதே புத்தகத்துல, பிறவிக்குணத்த கொஞ்சம் திருத்தலாம், முழுசா மாத்தறது கஷ்டம்னும் எழுதியிருக்கார். லெக்சர்ல அவ்ளோ நுணுக்கமா சொல்லிட்டு க்விஸ்ல ரெண்டு டப்பாவுல போட்டு மூடுனா எப்படி? இத அவங்களுக்கு மெயில் பண்ணிட்டேன்.

நாலு ஸ்டார். டீச்சர்ஸ் கண்டிப்பா பாருங்க, நேரம் இல்லன்னா விக்டர் லெக்சர் மட்டுமாவது.