தைக் குளிரில் இரண்டு குட்டிகளோடு ஏற்காடு ஏரியும் அண்ணா பூங்காவும்

சேலம் – ஏற்காடு தடத்தில் இருபது வருடத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தவன் நான். மழை, பனி, கோடை விழாக் கூட்டம் எல்லாவற்றிலும் அந்த மலையை ஏறி இறங்கியிருக்கிறேன். ஆனால் மேலே பஸ் நிற்கிற நேரத்தில் ஒரு டீ குடிப்பதோடு சரி. ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணா பூங்காவுக்குள் நடந்தது ஓய்வு பெற்ற பிறகு, இந்தத் தை மாதம்தான். பேத்திக்கு மூன்றரை வயது, பேரனுக்கு ஒன்றரை. கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் குளிர்காலத்தில் எங்கே போகலாம் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் போன வருடம் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அரையாண்டு லீவில் சமவெளியில் இருக்கிற ஒரு தீம் பார்க்குக்குக் குடும்பத்தோடு போனோம். பெயர் வேண்டாம். டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு உயரக் கோடு போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே இருந்தால் இலவசம். பேத்திக்கு அப்போது இரண்டரை வயது. செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் நிறுத்தி, கோட்டுக்கு இரண்டு விரல் மேலே இருக்கிறாள் என்று டிக்கெட் போட்டார்கள். சரி என்று உள்ளே போனால் ஒவ்வொரு ராட்டினத்துக்கு முன்னாலும் வேறொரு கோடு. அது எதையும் அவள் எட்டவில்லை. ராட்டினத்தில் உயரக் கட்டுப்பாடு வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. இடுப்பில் போடுகிற கம்பி சரியாக அழுத்திப் பிடிக்காவிட்டால் சின்ன உடம்பு நழுவிவிடும். ஆனால் எதிலும் ஏற முடியாத பிள்ளைக்கு எதற்குக் காசு என்று கேட்டேன். பதில் சொல்ல ஆள் இல்லை.

மிச்சம் இருந்தது தண்ணீர்தான். மார்கழி மாதத் தண்ணீர். குழந்தைகளுக்கான குளம் முழங்கால் ஆழம்தான், ஆனால் வெயில் படாத மூலையில் இருந்தது. பத்து நிமிடம் ஆகியிருக்காது, அவள் உதடு நீலம் பாரித்துப் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், அதனால் உடம்புச் சூடு நம்மைவிட வேகமாக இறங்கிவிடும். துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு அவள் அழ அழ, மற்றவர்கள் வரும்வரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தப் பிள்ளைகளுக்கு நான்கு வயது தாண்டும்வரை தீம் பார்க் பக்கம் போவதில்லை என்று.

இந்தத் தடவை பொங்கல் கூட்டமெல்லாம் வடியட்டும் என்று காத்திருந்து ஒரு புதன்கிழமை கிளம்பினோம். காணும் பொங்கலன்று மலைப்பாதை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மகள், மாப்பிள்ளை, என் வீட்டுக்காரி, நான், இரண்டு குட்டிகள். மாப்பிள்ளைதான் காரை ஓட்டினார்.

சேலத்திலிருந்து ஏற்காடு 30 கிலோமீட்டர் சொச்சம்தான். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். என் அனுபவத்தில் பஸ்ஸில் வாந்தி எடுப்பது பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள். மடியில் கிடக்கிற கைக்குழந்தை அநேகமாக எடுக்காது. இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பயண வாந்தி அபூர்வம் என்றுதான் டாக்டர்களும் சொல்கிறார்கள். கண் ஒன்றைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு வேறொன்றைச் சொல்கிறது, அந்தக் குழப்பம்தான் வயிற்றைப் புரட்டுவது. அதனால் பேத்தியை முன்கண்ணாடி வழியாகப் பாதை தெரிகிற மாதிரி நடுவில் உட்கார வைத்தேன். வீட்டிலேயே ஏழு மணிக்கு இரண்டு இட்லி, அவ்வளவுதான். பால் கொடுக்கவில்லை. செல்போனை யார் கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு வளைவிலும் இருக்கிற நம்பர் பலகையை அவள்தான் படிக்க வேண்டும் என்று வேலை கொடுத்தேன். பத்து வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதற்கு மேல் நான் சொல்லச் சொல்ல அவளும் கூடவே கத்திக்கொண்டு வந்தாள். ஒரு சொட்டு வாந்தி இல்லை.

ஸ்வெட்டர் விஷயத்தில் பலரும் ஒரு தப்பு செய்கிறார்கள். வீட்டிலேயே பிள்ளையைக் குல்லா, ஸ்வெட்டர், சாக்ஸ் என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரைத் தாண்டியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். ஆக, கீழே காருக்குள் வியர்த்து உள்சட்டை நனைந்த பிள்ளை, மேலே ஏழெட்டு டிகிரி குறைவான காற்றில் ஈரத்தோடு இறங்குகிறது. நடுக்கம் அங்கேதான் ஆரம்பம். நாங்கள் பாதி மலை ஏறும்வரை பருத்திச் சட்டையோடு விட்டோம். பத்தாவது வளைவு தாண்டி ஓரமாக நிறுத்தி, காது மூடுகிற குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டோம். நிறுத்துகிற இடத்தில் குரங்குகள் இருந்தால் வண்டியை எடுத்துவிடுங்கள். குழந்தை கையில் பிஸ்கட் இருந்தால் அது பறித்துக்கொண்டுதான் போகும். பறிக்கும்போது நகம் படும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஏரிக்கரைக்குப் போகும்போது மணி ஒன்பதரை. தண்ணீருக்கு மேலே பனி நின்றது. அக்கரையே தெரியவில்லை. சீக்கிரம் போய் என்ன பயன் என்று மாப்பிள்ளை கேட்டார். பெரியவர்களுக்குப் பயன் இல்லைதான். ஆனால் சின்னவன் அந்தப் பனியைக் கையை நீட்டி நீட்டிப் பிடித்துப் பார்த்தான். மூடிய கையைத் திறந்து பார்ப்பான், ஒன்றும் இருக்காது, மறுபடி பிடிப்பான். அவன் அம்மாயி பழைய நூல் சேலைத் துணியால் அவனை இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். தள்ளுவண்டியைவிட அது எவ்வளவோ மேல். ஏற்காட்டில் எங்கே திரும்பினாலும் மேடு, இல்லாவிட்டால் படி. பிள்ளைக்கும் உடம்புச் சூடு கிடைக்கும்.

பத்தரை வாக்கில் வெயில் வந்தது. படகு இல்லம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. பெடல் படகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு எல்லாம் உண்டு. பேத்தியை அவள் அம்மாவும் அப்பாவும் பெடல் படகில் கூட்டிப்போனார்கள். லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். குழந்தை அளவில் கேட்டு வாங்கி, வாரை இழுத்து மாட்டிவிட்டு, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மட்டும் காது வரைக்கும் ஏறினால் அது பெரிய சைஸ். தண்ணீரில் விழுந்தால் பிள்ளை கீழே போகும், ஜாக்கெட் மிதக்கும். இதே காரணத்துக்காக ஒன்றரை வயதுக்காரனைப் படகில் ஏற்ற நான் சம்மதிக்கவில்லை. மகளுக்குக் கொஞ்சம் வருத்தம். "அப்பா, மடியிலதானே வச்சுக்கப் போறோம்" என்றாள். இல்லம்மா, அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டேன். அவன் கரையில் நின்று படகு போவதையும் வருவதையும் பார்த்தான். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அண்ணா பூங்கா ஏரியை ஒட்டியே இருக்கிறது. தோட்டக்கலைத் துறை பராமரிக்கிறது. மே மாதக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சி நடப்பது இங்கேதான், அப்போது குழந்தையைக் கீழே இறக்கிவிடவே முடியாது. தை மாதப் புதன்கிழமையில் அந்தப் புல்தரை எங்கள் வீட்டு முற்றம் மாதிரி இருந்தது. சறுக்கு மரம், ஊஞ்சல் எல்லாம் இருக்கிறது. காலையில் போனால் சறுக்கு மரத்தை ஒரு துணியால் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். பனி ஈரத்தில் சறுக்கினால் கால்சட்டை பின்பக்கம் முழுக்க நனைந்துவிடும், மாற்றுத் துணிக்கு மறுபடி கார் வரைக்கும் ஓட வேண்டும். பேத்தி அந்தச் சறுக்கு மரத்தில் எத்தனை தடவை ஏறினாள் என்று எனக்குக் கணக்கில்லை. உயரம் பார்க்க அங்கே யாரும் இல்லை. ஏறத் தெரிந்தால் ஏறலாம். மேலே போய் உட்கார்ந்து, "தாத்தா, விடட்டுமா?" என்று கேட்பாள். நான் விடு என்று சொன்ன பிறகுதான் விடுவாள்.

சின்னவனுக்குச் சறுக்கு மரமும் வேண்டாம், ஊஞ்சலும் வேண்டாம். தோட்டக்காரர் ஒருவர் ரப்பர் குழாயில் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாயில் ஒரு இடத்தில் சின்ன ஓட்டை, அதிலிருந்து ஊசி மாதிரி தண்ணீர் பீச்சியது. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தவன் எழவே இல்லை. விரலால் அடைப்பான், வேறு பக்கம் பீச்சும், சிரிப்பான். அந்தத் தோட்டக்காரரும் பொறுமையாகக் குழாயை அங்கேயே விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்தார். கை நனைகிறதே என்று மகள் பயந்தாள். வெயில் நன்றாக ஏறிவிட்டதால் நான் தடுக்கவில்லை. முடிந்ததும் கையைத் துடைத்துச் சட்டையை மாற்றிவிட்டோம்.

சாப்பாட்டில்தான் அடிபட்டோம். பிள்ளைக்குப் பால் சூடாக வேண்டும் என்று ஒரு உணவகத்தில் கேட்டால் அரை மணி நேரம் காக்க வைத்து, ஆறிப்போன பாலைக் கொண்டுவந்தார்கள். சூடு பண்ணித் தரச் சொன்னதற்குத் தனியாகக் காசு கேட்டார்கள். டயப்பர் மாற்ற ஒரு மேசை ஓரம்கூடக் கிடைக்கவில்லை, கார் பின்சீட்டில்தான் மாற்றினோம். ஆகவே ஒன்று சொல்கிறேன். பிள்ளைகளுக்கு வேண்டிய சாப்பாட்டைக் கையில் கொண்டுபோய்விடுங்கள். நாங்கள் ஹாட்பாக்ஸில் குழைத்த பருப்பு சாதமும் ஃபிளாஸ்கில் வெந்நீரும் வைத்திருந்ததால் தப்பித்தோம். எவர்சில்வர் டப்பாவாக எடுத்துப்போங்கள். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாடு முழுக்கத் தடை. பெரியவர்களுக்கு மிளகாய் பஜ்ஜி இருக்கவே இருக்கிறது. குளிருக்கு அதை அடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

சாப்பிட்டுவிட்டு ஒரு காபித் தோட்டத்து ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தோம். எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஏற்காடு இருக்கிற இந்தச் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். இது அறுவடைக் காலம், செடியெல்லாம் சிவப்புப் பழம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. வேலிக்கு வெளியே உதிர்ந்து கிடந்த ஒரு பழத்தை எடுத்துத் துடைத்துப் பிதுக்கினேன். உள்ளே இரண்டு கொட்டை, அதைச் சுற்றி வழவழவென்று ஒரு சதை. அந்த வழவழப்பு இனிக்கும். கொட்டையை என் விரலிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேத்தியை நக்கிப் பார்க்கச் சொன்னேன். கையில் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் சிக்குகிற அளவு அது. முகத்தைச் சுளிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "இதுதான் காபியா? கசக்கலையே" என்றாள். அப்புறம் அம்மாயிக்கும் ஒன்று பிதுக்கிக் கொடுக்கச் சொன்னாள்.

லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் இரண்டுக்கும் போகவில்லை. பெரியவர்களுக்கு அருமையான இடங்கள்தான், ஆனால் ஓடுகிற வயதுப் பிள்ளையைப் பள்ளத்தாக்கு விளிம்பில் பிடித்துக்கொண்டு நின்றால் காட்சியை யார் பார்ப்பது? கிளியூர் அருவிக்கு இறங்கிவிடலாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது முடியாது. மலை ஏறுவதே வேண்டாம் என்கிறவர்கள், சேலத்திலிருந்து 10 கிலோமீட்டர் தூரத்தில் மலை அடிவாரத்தில் இருக்கிற குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போகலாம். மர நிழல், புள்ளிமான், மயில். ஒன்றரை வயதுக்கு அதுவே தாராளம்.

இரண்டு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். நாலு மணிக்கு மேல் மறுபடி பனி இறங்கும், பிள்ளைகளும் தூங்காமல் சிணுங்கும். இறங்கும்போது இரண்டாவது கியர், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும், ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் பிள்ளைகளுக்குக் காது அதிகமாக அடைக்கும். நம்மை மாதிரி எச்சில் விழுங்கிச் சரிசெய்ய அவர்களுக்குத் தெரியாது. சின்னவன் பாதி மலையில் தூக்கத்திலிருந்து எழுந்து காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டான். உடனே அவனுக்குப் பால் கொடுத்தோம். நாலு வாய் உறிஞ்சியதும் அழுகை நின்றுவிட்டது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு பேருக்கும் ஸ்வெட்டரைக் கழற்றினோம். பேத்தி கண்ணைத் திறக்காமலே, நம்பர் எல்லாம் முடிஞ்சிருச்சா தாத்தா என்று கேட்டாள். முடிஞ்சிருச்சு சாமி, தூங்கு என்றேன்.