காதின் பழைய உடற்கூறு மாதிரி வாங்குகிறீர்களா? திறந்து எடுத்த படம் கேளுங்கள்

"லூயி ஓஸூ பட்டறையின் காது மாதிரி, 19ஆம் நூற்றாண்டு, எல்லாப் பாகங்களும் உண்டு, வண்ணம் அசல்." இப்படிச் சொல்லி ஒருவர் எனக்கு விற்ற மாதிரியில் பாதிக்கு மேல் புதுசு. இன்னொருவர் ஏமாறக் கூடாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பிரெஞ்சு மருத்துவரான ஓஸூ 1820களில் காகிதக்கூழில் உடற்கூறு மாதிரிகள் செய்யத் தொடங்கினார். மெழுகு மாதிரிகளைத் தொட்டாலே பயம், கண்ணால் பார்க்கலாம், அவ்வளவுதான். இவருடையது மாணவர்கள் கையால் கழற்றிப் பூட்டுவதற்கென்றே செய்தது. பாகத்துக்குப் பாகம் எண், குட்டி லேபிள், பொருத்த உலோகக் கொக்கி. அந்த எண் வரிசைதான் பாடமே. அது போய்விட்டால் மிஞ்சுவது அலங்காரப் பொருள்தான்.

எனக்கு வந்ததைத் திறந்தேன். செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் தனித்தனியாகக் கழன்று வர வேண்டும். வந்ததோ ஒரே வார்ப்பாக ரெசின் (செயற்கைப் பிசின்) துண்டு, ஓரத்தில் அச்சின் பிசிறுகூட அப்படியே. உள்காதின் நத்தைச் சுருள்மேல் அக்ரிலிக் பெயின்ட்டைத் தடிமனாகப் பூசியதில் எண்கள் புதைந்துவிட்டன. புற ஊதா டார்ச் அடித்தால் லேபிள்கள் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தன. காகிதத்தில் அப்படி ஒளிரும் வெளுப்பான்களைப் பரவலாகச் சேர்க்கத் தொடங்கியது 1950 வாக்கில்தான். ஓஸூவின் பெயரில் இருந்த கையொப்பம்தான் இன்னும் மோசம். பழைய வார்னிஷ் வெடித்தபோது எழுத்தும் சேர்ந்து வெடித்திருக்க வேண்டும். இதில் மை வெடிப்புக்குள் இறங்கி ஓடியிருக்கிறது, அதாவது வெடித்த பிறகு எழுதியது.

விற்றவரிடம் கேட்டால், "பழைய பொருள் என்றால் ரிப்பேர் இருக்கத்தானே செய்யும்" என்றார். ரிப்பேர் தப்பில்லை, அதைச் சொல்லாமல் அசல் என்று விற்றதுதான் மோசடி. அப்புறம், நல்ல மதிப்புரை எழுதினால் கொஞ்சம் பணம் திருப்பித் தருகிறேன் என்றார். முடியாது என்றதும் பதிலே இல்லை.

வாங்கும் முன் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்த படம் கேளுங்கள். கொக்கிகள், லேபிள்களுக்குக் கிட்டத்துப் படம் வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள், மேல்பூச்சு தானாகத் தெரியும். நேர்மையானவர் தயங்க மாட்டார். சந்தேகத்தில் ஈரத்துணியால் துடைத்து மட்டும் பார்த்துவிடாதீர்கள். அசல் பூச்சு பசை கலந்தது, தண்ணீர் பட்டால் வண்ணத்தோடு கரைந்து வந்துவிடும்.

அதே ஆள் இப்போது ஒரு கண் மாதிரியை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். இதற்கும் "அசல் வண்ணம்" என்றுதான் எழுதியிருக்கிறார், படங்கள் எல்லாமே மூடிய நிலையில்தான் இருக்கின்றன.