டர்பனில் பறவைப் படத்துக்காகக் கேமரா மாற்றப்போகிறவர்கள், பணம் கட்டும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர நண்பர்களுக்காக, சென்ற ஆண்டு நான் ஏமாந்ததை எழுதிவைக்கிறேன்.

ஆறு ஆண்டுகளாக வைத்திருந்த கேமராவில் எனக்கு இரண்டு மனக்குறைகள் இருந்தன. உம்கேனி ஆற்றின் முகத்துவாரத்தில், அந்தரத்தில் நின்று சிறகடித்துவிட்டு நீரில் பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியை (நம் ஊர்க் குளங்களில் பார்க்கும் அதே பறவைதான்) குறிவைத்தால், ஃபோகஸ் பின்னாலிருக்கும் அலையாத்தி மரங்களுக்குப் போய்விடும். பிஜன் வேலி காட்டுக்குள், குளிர்காலத்தில் வந்து சருகைக் கிளறும் ஸ்பாட்டட் கிரவுண்ட் திரஷ் என்ற பறவையை எடுக்க ஐ.எஸ்.ஓ.வை (ஒளி உணர்திறன் அளவை) 6400க்கு மேல் ஏற்ற வேண்டியிருந்ததால், படம் மணல் தூவியதுபோல் இருக்கும். இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பறவையின் கண்ணைக் கண்டறிந்து தொடரும் புதிய கேமரா முதலாவதற்கு உண்மையாகவே மருந்து. இரண்டாவதற்கு எஃப் 6.3 லென்ஸின் இடத்தில் எஃப் 4 லென்ஸ் (எண் சிறிதானால் திறப்பு பெரிது) இருந்தால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெளிச்சம் கிடைக்கும். அதே அளவு சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) கொண்ட இன்னொரு கேமராவால் அதை ஈடுகட்ட முடியாது.

கடையிலிருந்த தமிழ் இளைஞரோ, "இது ஒன்று போதும் அண்ணா" என்று சொல்லி, நொடிக்கு 30 படம் எடுக்கும் வேகத்தைக் காட்டினார். அந்த வேகம் எலக்ட்ரானிக் ஷட்டரில் (திரை அசையாமல் சென்சாரே படத்தைப் பதியும் முறையில்) மட்டுமே கிடைக்கும் என்பதையும், மெதுவான சென்சார் காட்சியை வரிசை வரிசையாகப் படித்து முடிப்பதற்குள் சிறகு நகர்ந்துவிடும் என்பதையும் அவர் சொல்லவில்லை. முதல் வாரமே என் மீன்கொத்திகளின் சிறகுகள் வாழைப்பழம்போல் வளைந்து கிடந்தன. பழைய கேமராவை 4,500 ரேண்டுக்குக் கழித்துக்கொண்டு, மீதி 23,500 ரேண்டை அட்டையில் கட்டியிருந்தேன்.

ஏமாற்று வேறிடத்தில் இருந்தது. பெட்டியிலிருந்த சார்ஜரில் இந்நாட்டின் மூன்று உருண்டை முனைகளுக்குப் பதிலாக இரண்டு தட்டை முனைகள் இருந்தன; மாற்றுப் பிளக் ஒன்று தனியாகப் பிளாஸ்டிக் பையில் கிடந்தது. உத்தரவாத அட்டையில் கடையின் ஸ்டிக்கரைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆறாவது வாரத்தில் ஷட்டர் பழுது என்று திரையில் காட்டிக் கேமரா நின்றுபோக, அதிகாரப்பூர்வ சேவை மையத்தினர் வரிசை எண்ணைப் பார்த்துவிட்டு, இது வேறு நாட்டுச் சந்தைக்கு அனுப்பப்பட்ட பொருள், இங்கே உத்தரவாதம் செல்லாது என்று கைவிரித்தார்கள். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, வணிக முத்திரை உரிமையாளரின் அனுமதியின்றி இறக்குமதியான பொருள் என்றால் அதன்மீது அதைத் தெளிவாக எழுதி ஒட்டியிருக்க வேண்டும். என் பெட்டியில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

கடைக்காரர் வெளிநாட்டுக்கு அனுப்பிப் பழுதுபார்க்கப் பத்து வாரம் ஆகும், தபால் செலவு என்னுடையது என்றார். ரசீதின் அடியில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்றிருந்ததையும் விரலால் தொட்டுக் காட்டினார். அந்த வரிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பழுதான பொருளை, அது கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், விற்றவருடைய செலவிலேயே திருப்பிக் கொடுக்கவும், பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் தருவதா என்பதை வாங்கியவரே தீர்மானிக்கவும் 56-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அனுமதியின்றி இறக்குமதியான பொருள் என்பதால் விற்றவர் தப்பிவிட முடியாது. இதை எழுதிக் கொடுத்தும் கடைக்காரர் அசையவில்லை. நுகர்வோர் பொருள், சேவை குறைதீர்ப்பாளரிடம் ரசீது, வரிசை எண், சேவை மையத்தின் கடிதம் ஆகியவற்றுடன் புகார் போன பிறகுதான் பணம் வந்தது. ஆகவே சேவை மையத்தின் பதிலை எழுத்தில் வாங்காமல் திரும்பாதீர்கள். வரிசை எண்ணை அவர்களிடம் கேட்டு உறுதிசெய்யாமல் பணம் கட்டாதீர்கள். பழைய கேமராவைப் புதியது ஒழுங்காக ஓடும்வரை கையிலேயே வைத்திருங்கள்.

என்னுடையது இரண்டாம் வாரமே விற்றுப்போய்விட்டது. அதற்காக 4,500 ரேண்டைத்தான் தந்தார்கள். அதே மாதிரிப் பழைய கேமரா ஒன்றை வேறிடத்தில் வாங்க எனக்கு 7,000 ரேண்ட் ஆனது.